கட்டையான பின்கால்கள்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைக் குறைசொல்ல வசதியாக இருக்கும். பன்னிரண்டு வயதில் நான் ஒரு மேசையின் காலை அளக்காமல், அந்த மேசையின் படத்தில் இருந்த காலை அளந்தேன். ஒரு கண்ணை மூடி, அடிமட்டத்தை வைத்து, மில்லிமீற்றர் பிசகாமல் அளந்தேன். மடைத்தனத்திலும் ஒரு துல்லியம் வேண்டாமா?

இப்போது, நான் வளர்ந்த இதே இத்தாலிய நகரமான பலெர்மோவில் இயந்திரங்கள் வடிவமைக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம், கணினியைத் திறக்க முதல் ஒரு தாளில் கையால் படம் கீறிக் காட்டுங்கள் என்று கத்துவதிலேயே என் பாதி நாள் போய்விடுகிறது. அந்த மேசையின் கதை அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் தமிழ்ப் பூசைக்குக் கூடுகிற கத்தோலிக்கக் கோயிலில் மாதா சுரூபம் வைக்கிற மர மேசை உளுத்துப்போயிருந்தது. திருநாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. கடையில் ஒன்றை வாங்குவோம் என்றார் மாமா, அம்மாவின் தம்பி. கூட்டங்களில் வாயே திறக்காத அப்பா அன்றைக்கு எழும்பி, அதே அளவில் இரும்பில் நான் செய்விச்சுத் தாறன் என்று சொல்லிவிட்டார். பொலிதேயாமாப் பகுதியில் அலுவலகங்கள் துடைக்கிற மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் கொடுத்த முதல் வாக்கு அது. மாமா ஒரு சிரிப்புச் சிரித்தார். அதற்குப் பிறகு அப்பாவால் பின்வாங்க முடியாது.

படம் கீறும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில், தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், அப்படியே கீறவேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். நானும் அப்படியே கீறினேன். முன்கால்கள் நெடிதாக, பின்கால்கள் கொஞ்சம் சிறிதாக. உளுத்த ஓட்டைகளை ஒன்றுவிடாமல் போட்டேன். நிலத்தில் விழுந்த நிழலையும் விடவில்லை. பிறகு அப்பா தந்த அளவு ரேப்பை எடுத்து மேசைப்பலகையின் நீளம் நூற்றிருபது, அகலம் அறுபது என்று அளந்து எழுதினேன். கால்களுக்கு வருவதற்குள் முற்றத்தில் பெடியள் பந்தோடு கூப்பிட்டார்கள்.

கால்களின் நினைவு வீட்டில்தான் வந்தது. திரும்பிப் போகப் பஞ்சி, சோம்பல். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பலகையின் முன்விளிம்பு தாளில் பன்னிரண்டு சென்ரிமீற்றர், உண்மையில் நூற்றிருபது. ஆகவே எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் கணக்குச் சரி. முன்கால் ஒன்பது: தொண்ணூறு என்று எழுதினேன். பின்கால் எட்டு: எண்பது. இதைக் கண்டுபிடித்த என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிரான்காச்சோவில் இருந்த இரும்புப் பட்டறைக்கு அப்பாவும், மொழிபெயர்க்க நானுமாக பஸ்ஸில் போனோம். தாளைச் சுருட்டி வைத்திருந்த அப்பா, பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறும்போதெல்லாம் அதை விரித்தார். "மகன் கீறினது. அடிமட்டம் வைக்காமல், வெறுங்கையாலை." மூன்று தரம் விரித்தார்.

பட்டறைக்காரர் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். பிறகு ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்திக் காட்டி, இத்தாலியனில் கேட்டார்: "பின்கால் ரெண்டும் கட்டையோ? சரிவிலையோ வைக்கப்போறியள்?"

அந்த நொடியிலேயே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. பொறுங்கள், போய் அளந்துகொண்டு வாறன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று தரம் விரித்துக் காட்டிய படமல்லவா? ஓம், சரிவுதான் என்றேன். நிச்சயமோ என்றார். நிச்சயம் என்றேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"படம் நல்ல வடிவாம்."

அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார்.

திருநாளுக்கு முதல்நாள் மேசையை மாமாவின் வான் வண்டியில் ஏற்றிவந்து கோயில் முற்றத்தில் இறக்கினோம். பலகை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தங்கள் கண்ணில்தான் குறையோ என்று எல்லாரும் தள்ளி நின்று பார்த்தார்கள். மாமா மட்டும் பல்லரோச் சந்தையில் வாங்கிய சாமான் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேசையில் வைத்தார். அது அவசரப்படாமல் உருண்டு, பின்னால் விழுந்து நசிந்தது.

"அத்தான், மாதா மல்லாந்து கிடந்தோ எங்களை ஆசீர்வதிக்கப் போறா?"

முற்றமே சிரித்தது. அப்பாவின் காது சிவந்துவிட்டது. பட்டறைக்காரருக்குப் படம் விளங்கவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன்.

அதே வான் வண்டியில் மேசையோடு பட்டறைக்குத் திரும்பினோம். வானை விட்டு மாமா இறங்கவில்லை; அங்கே இருந்தே சிரித்தார். பட்டறைக்காரர் ஆணியில் குத்தியிருந்த தாளை இழுத்தெடுத்து, என் கையெழுத்தில் இருந்த எண்பதைக் கறுத்த விரலால் தட்டினார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ரேப் எதுக்கடா தந்தனான்? கழுத்திலை போடவோ?"

பட்டறைக்காரர் விடுவதாயில்லை. இந்தப் பெடியனிட்டை ரெண்டு தரம் கேட்டனான், ரெண்டு தரமும் ஓம் எண்டவன் என்று கையை விரித்துக் கத்தினார். நான் மொழிபெயர்த்தேன்: "பத்து நிமிசத்திலை ஒட்டித் தாறாராம்." அதற்கும் அப்பா தலையாட்டினார்.

கத்தி முடித்தவர் வெண்கட்டியை எடுத்து, ஒரு தகரத்தில் மேசையை மூன்று தரம் கீறினார். முன்னால் பார்த்தால் எப்படி, பக்கத்தால் எப்படி, மேலால் எப்படி. கோணல் கோடுகள், நிழலில்லை, உளுத்த ஓட்டையில்லை. ஆனால் மூன்றிலும் கால்கள் ஒரே உயரம். கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பின்கால்களுக்குப் பத்து பத்து சென்ரிமீற்றர் இரும்புத் துண்டு ஒட்டினார். சப்பாத்துப் போட்ட அந்தக் கால்களோடு மேசை இன்றைக்கும் கோயிலில் நிற்கிறது.

அன்று பின்னேரம் அப்பா எல்லாருக்கும் முன்னால், அளவு நான்தான் பிழையாக் குடுத்தனான் என்றார். அதற்குப் பிறகு அவர் இருக்க ஒரு கதிரை வாங்கினாலும் மாமா தக்காளி கொண்டுவரட்டோ என்று கேட்பார். அப்பா எரிச்சலில் பல்லைக் கடிப்பார். எனக்கோ பெரிய நிம்மதி: அப்பாவுக்கு இத்தாலியன் தெரியாதது எவ்வளவு நல்லது!

அதே வருசம்தான், நிறுவையில் குறைத்த மீன்காரனோடு பல்லரோ நடுவில் அப்பா இத்தாலியனில் சண்டை பிடித்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீன்காரன்தான் தோற்றான். பட்டறையையும் மீன்கடையையும் சேர்த்து யோசிக்க எனக்கு இருபது வருசம் எடுத்திருக்கிறது. நான்தான் துல்லியமான ஆளாயிற்றே.

போன கிழமை கேட்டுவிட்டேன். அப்பா, அந்த மனிசன் பின்கால் கட்டையோ எண்டு கேட்டது உங்களுக்கு அப்பவே விளங்கினதோ? விளங்கினால் ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஓமெண்டு சொன்னனீயெல்லோ."