சனிக்கிழமை உடையும் கீ

எங்கள் தோட்ட டிராக்டரின் பின் அச்சில் ஒரு சிறிய இரும்புத் துண்டு இருக்கிறது. சுண்டுவிரலில் பாதி நீளம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை அச்சோடு பூட்டி வைப்பது அதுதான். பட்டறையில் அதைக் கீ என்பார்கள். முதல்முறை அது உடைந்த அன்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கீ போச்சு" என்று உள்ளே வந்து சொன்னேன். என் மனைவி ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

எஸ்டேட் பங்களாவில் புல் வெட்டிய பழைய வண்டி அது. எஸ்டேட் விற்கப்பட்டபோது வாங்கினேன். இப்போது அதற்குக் கியர்பாக்ஸ் எங்கும் கிடைக்காது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி தோட்டத்தின் கடைக்கோடி வரை போவது அதன்மேல் உட்கார்ந்துதான். கியர்பாக்ஸ் போனால் அவள் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது முறை கீ உடைந்ததும், இனி உடையவே கூடாது என்று முடிவு செய்து, புக்கிட் ரோத்தானில் உள்ள லேத் பட்டறைக்குப் போனேன். கெட்டியான எஃகில் கீ வேண்டும், ஒன்றுக்கு இரண்டாகப் போடலாம் என்று படம் வரைந்தே கொண்டு போயிருந்தேன். பட்டறைக்காரர் சீனர், எஸ்டேட் ஆட்களோடு பழகிய தமிழ். படத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அண்ணே, கீ உடைஞ்சா கீ மட்டும்தான் போகும் லா. கீ உடையலன்னா கியர்பாக்ஸ் போகும்."

அது உடைவதற்கென்றே வைத்த துண்டு. இத்தனை இயந்திரப் புத்தகங்கள் படித்தும் இது எனக்கு உறைத்திருக்கவில்லை. எவ்வளவு பாரம் இழுக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் செம்பனைக் குலைகள் புதன்கிழமை எண்ணெய் ஆலைக்குப் போகும், நான்தான் ஓட்டுவேன், அளவாகத்தான் ஏற்றுவேன் என்றேன். அப்படியானால் கீ உடைய வாய்ப்பில்லையே என்றார்.

வீட்டுக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். மழை, உரம், டிராக்டருக்கு எண்ணெய் மாற்றியது எல்லாவற்றையும் தேதி, கிழமையோடு எழுதி வைப்பது என் பழக்கம். கீ உடைந்த மூன்று நாளும் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் நான் தமிழ்ப் பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போய்விடுவேன். திரும்பும்போது வண்டி பாதி வழியில் நிற்கும், டிரெய்லர் காலியாக இருக்கும். அன்று வண்டியை எடுக்கும் என் மனைவி ஏற்றுவது நாலு கட்டுக் கீரையும் கொஞ்சம் மரவள்ளியும் என்றே நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை என்னதான் ஏற்றுகிறாய் என்று அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து நிலத்து மலாய்க்கார அம்மாவின் கணவர் கீழே விழுந்ததிலிருந்து கைவண்டி தள்ள முடியவில்லையாம். அவர்கள் குலைகளுக்கு லோரி வருவது சனிக்கிழமை. மக்சிக்கின் தங்கை மகன்கள் வந்து ஏற்றிக் கொடுக்க, என் மனைவி ரோடு வரை இழுத்துப் போயிருக்கிறாள். வண்டி நின்றுவிட்டால் அவர்களே குலைகளை இறக்கிச் சுமந்து போவார்களாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நோட்டுல எழுதுவீங்க. அப்புறம் தேதி காட்டிச் சண்டைக்கு வருவீங்க."



மறுவாரம் வண்டியைப் பிரித்தோம். பட்டறைக்காரர் ஆடிப்போயிருந்த ஹப்பை மாற்றி நீளமாகக் கடைந்து கொடுத்தார். பேரிங் இரண்டும் புதிது. பெல்ட்டும் மாற்றினேன். கீயை மட்டும் பழைய மெல்லிய இரும்பிலேயே ஆறு செய்து வாங்கி, மில்க் பவுடர் டின்னில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்தேன். பாரத்தைப் பிரித்து இரண்டு நடையாக ஏற்றச் சொன்னேன். சரி என்றாள், உடனே சொன்னதால் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்திலிருந்து வந்து, அவள் சொன்னபடி நோட்டில் எழுதினேன்: மக்சிக் வீட்டுக் குலைகள், இரண்டு நடை, கீ உடையவில்லை.

ஞாயிறன்று பார்த்தால் அதற்குக் கீழே அவள் கையெழுத்து: "மூன்று நடை. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்கும் பக்கத்து வீடு."