நாவல் மரத்துக்குப் பெருங்காயம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் அப்பார்ட்மென்ட் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இரவல் வாங்கிய பேட்டரி டிரில். சட்டைப்பையில் கட்டிப் பெருங்காயம். எதிரே ஒரு நாவல் மரம்.

அதைக் கொல்லப் போயிருந்தேன்.

ஆமாம்... மரங்களைப் பற்றி இதே பத்தியில் உங்களுக்கு உபதேசம் செய்தேனே, அதே நான்தான்.

கூடுவாஞ்சேரியில் இந்த அப்பார்ட்மென்ட் கட்டத் தொடங்கியபோது, ஃப்ளாட் புக் செய்தவர்களை எல்லாம் பில்டர் கூப்பிட்டுப் பேசினார். மனையில் நின்ற நாவலை எடுத்துவிட்டு, வரிசையாக, பனை மாதிரி நிற்கும் வெளிநாட்டு பாம் மரம் வைக்கப் போகிறார்களாம். "முன்பக்க எலிவேஷன் சும்மா ரிசார்ட் மாதிரி இருக்கும் சார்" என்றார் சைட் இன்ஜினீயர் கார்த்திக்.

விடுவேனா? எழுந்தேன். "அனுமதி வாங்கின பிளான்ல இந்த மரத்தை விட்டுவைக்கிறதா காட்டியிருக்கீங்க. லேண்ட்ஸ்கேப்பிங்னா இந்த மண்ணுல வளர்றதை வைங்க... புங்கன் வைங்க, மகிழம் வைங்க. இது கூடுவாஞ்சேரி, துபாய் இல்ல!"

பில்டர் பணிந்தார். பாம் வரிசை போனது. மரம் நின்றது. மரத்தடியில் மிஞ்சிய இடத்தைப் பார்க்கிங் ஆக்கினார்கள். யாருக்கு எந்த இடம் என்று குலுக்கல் போட்டபோது, மரத்தடி எனக்கே விழுந்தது.

"மரமே உங்களைத் தேடி வந்துடுச்சு சார்!" என்றார் மாடி வீட்டு சேகர். வங்கியில் அதிகாரி. நானும் பெருமையாகத்தான் சிரித்தேன் — ஜூன் மாதம் வரும்வரை.

நாவல் பழுக்கும் காலத்தில் அதன் அடியில் வெள்ளைக் காரை நிறுத்தியிருக்கிறீர்களா? பழம் தானாக விழுந்து தெறிப்பது ஒரு பங்கு. மைனாவும் வௌவாலும் தின்றுவிட்டுப் போடுவது மூன்று பங்கு. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த கார், எல்லாத் தொகுதியிலும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த விரல் மாதிரி நின்றது. கவர் போட்டேன். கவரைக் கழற்றும்போது என் வேட்டியும் ஓட்டுப் போட்டது. "கல்யாணத்துக்கு இந்த வண்டியில வர மாட்டேங்க. ஆட்டோ பிடிங்க" என்று சொல்லிவிட்டாள் மனைவி.

இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று சேகரைக் கேட்டேன். "நல்ல நிழல் சார்..."

"நிழலைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன் சார். நீங்களே அனுபவிங்க."

கிளைகளையாவது வெட்டலாமா என்று கார்த்திக்கைக் கேட்டேன். "ஐயோ சார், நீங்களே எடுத்துக் காட்டின பிளான்ல அந்த மரத்துக்கு வட்டம் போட்டிருக்கு. கை வெச்சா நான் பதில் சொல்லணும். தானா பட்டுப்போனா வேற விஷயம்."

தானா... அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துகொண்டது.

முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தபாரு சார், ஒரு ஓட்டையப் போட்டு பெருங்காயத்த சொருவிட்டா, எம்மாம் பெரிய மரமும் காலி" என்றார் கடைக்காரர். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு ஒன்றுகூட அந்த நிமிடம் குறுக்கே வரவில்லை. நேரே மளிகைக் கடைக்குப் போனேன்.

டிரில், கீழ்வீட்டு நசீர் பாயுடையது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். "சுவருக்கா சார், மரத்துக்கா? அதுக்கேத்த பிட் தரணும்" என்றார். கூசாமல் சொன்னேன்: "மர அலமாரி, பாய்."

ஞாயிறு மதியத்துக்கு வருவோம். துளை ஒரு விரற்கடைதான் இறங்கியிருக்கும். பின்னால் குரல்.

"டிரில் இங்கதான் கீதா? நல்லதாப் போச்சு சார்."

நசீர் பாய். ஒரு தோளில் ஏணி, இன்னொரு தோளில் சுருட்டிய பச்சை வலை. "உங்க வண்டி படுற பாட்டைப் பாக்க முடியல. மேல வலை கட்டிடலாம்னு கடையிலேர்ந்து எடுத்துக்கினு வந்தேன். சுவத்துல கொக்கி போட—"

நிறுத்தினார். துளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காற்றை மோந்து பார்த்தார்.

"இன்னா சார்... அலமாரி வேர் விட்டுக்கிச்சா?"

சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"பெருங்காயமா? கெமிஸ்ட்ரி வாத்தியாரு சார் நீங்க!" ஏணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றபிறகு துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "ஆழமில்ல. பொழச்சுக்கும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்க ஏணியப் புடிங்க."

பிடித்தேன். அவர் எனக்காக வெயிலில் மேலே நின்று கொக்கி அடித்துக்கொண்டிருந்தார் — என் குற்றத்துக்கு உதவிய அதே டிரில்லை வைத்து.

அன்று மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டம். பில்டர் தோட்டத்தை எங்களிடம் ஒப்படைக்கிறார். மரங்களுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நசீர் பாய் எழுந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நம்ம சாரையே போடுங்க. ஒரு மரத்துக்கு எங்கிருந்து ஆபத்து வரும்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். சேகர் எழுந்து நின்றே தட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு சால்வை வேறு விழுந்தது.

பாய் வாக்குத் தவறவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் மரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தச் சின்னத் துளை கண்ணில் படுகிறது. இந்த மரத்தை வைத்து நல்ல பேர் வாங்கியது இந்தப் பத்தியில்தானே? அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன். சேகர் சார், நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். கைதட்டலையும் சால்வையையும் திருப்பித் தந்துவிடுகிறேன்.

பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்கிறேன் — நசீர் பாய் பார்த்துக்கொண்டே இருக்கிறார்!