ஜரிகை சுற்றிய ஜோடி

ஏனாத்தூர் கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவன் உதயகுமார். நானும் அதே லேப்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவனுக்குப் பெண் பார்த்தது ஒரே முறை, எதிர்வீட்டு இளவரசியை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். அப்புறம் இவனும் கட்டவில்லை, அவளும் கட்டவில்லை. ஜாதகம் பார்த்தவர் மட்டும் சௌக்கியமாக இருக்கிறார்.

பகலெல்லாம் இளவரசி தறியில்தான். ஒருநாள் தெருவில் உதயகுமாரைப் பார்த்தபோது, "கோயில்ல தேவாரம் பாடறது காதுலயே விழலப்பா. தறி சத்தந்தான் கேட்டுக்கினு இருக்குது," என்றாள். போதாதா? தெருக்கோடிக் கோயில் மைக்குக்குத் தானே ஆம்ப்ளிஃபையர் வடிவமைக்க உட்கார்ந்துவிட்டான். கடையில் வாங்கினால் ஆகாதா என்றேன். முறைத்தான். தன் கையால் செய்த ஒன்று அவள் காதுவரை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவன் ஏக்கம்.

ஓதுவாருக்கு மெலிந்த குரல். அதை நிறையப் பெருக்கப் பெரிய ரெசிஸ்டர் போட்டால், இருக்கிற வோல்டேஜை அதுவே தின்றுவிடும். அதனால் ரெசிஸ்டர் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ஜோடியை வைத்தான். 'ஆக்டிவ் லோடு' என்று பெயர். ஜோடியில் இரண்டும் ஒரே குணமாக, ஒரே சூட்டில் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் டப்பாவைக் கொட்டி, அளந்து அளந்து பொருத்தம் பார்த்து எடுத்தான். ஜாதகம் கேட்கவில்லை.

இரண்டையும் ஒட்டவைத்துக் கட்ட இளவரசியிடம் நூல் கேட்டான். அறுந்த பட்டு நூல் போதும். அவளோ நல்ல ஜரிகையாகப் பார்த்துக் கொடுத்தாள். இவனும் பூரித்துப்போய்ச் சுற்றினான். ஜரிகையில் வெள்ளி இருக்கிறது என்பது காஞ்சிபுரத்துக்காரனுக்கே மறந்துவிட்டது! இரண்டு டிரான்சிஸ்டரின் கரண்ட் பாயும் உலோகத் தொப்பிகளும் ஜரிகை வழியாக ஷார்ட் ஆகி, ஸ்பீக்கர் ஊமையாகக் கிடந்தது.

அவிழ்த்துவிட்டுப் பட்டு நூலைக் கட்டினால் முடிந்தது வேலை. அவனுக்கு மனசு வரவில்லை. தொப்பிகளில் மெல்லிய மஞ்சள் டேப்பைச் சுற்றி, அதன்மேல் அதே ஜரிகையைக் கட்டினான்.

மறுநாள் சாயங்காலம் தேவாரம் தெருவெல்லாம் கேட்டது. இளவரசி தறியை விட்டெழுந்து கோயிலுக்கே வந்துவிட்டாள். உதயகுமார் பக்கத்தில் திறந்திருந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் தன் ஜரிகையைப் பார்த்தாள்.

"உள்ள இன்னாப்பா மஞ்சளா?"

"டேப்பு. சூடு போவும், கரண்ட் போவாது."

அவள் பெட்டிப் பக்கம் குனிந்தாள். "சூடு மட்டும் போனா போதுமா?"

"ஆம்ப்ளிஃபையருக்குப் போதும்."

அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை மூட அவனுக்குக் கை வரவில்லை.