இடது பக்கம் பாடவில்லை

கார் ஸ்பீக்கரில் இடது பக்கம் பாடவில்லை என்று முதலில் சண்டை பிடித்தவள் நான்தான். மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். மற்ற ஆம்பிளைகள் மீன்பிடிக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் இவர் கார்க் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு பாட்டுப் பைத்தியம்.

“எலி ஒயரைக் கடிச்சிருக்கும்லா,” என்றார். செம்பனைக்குள் குடியிருப்பவர்களுக்கு எது பழுதானாலும் எலிதான் குற்றவாளி. திறந்து பார்த்தால் ஒயர் முழுசாக இருந்தது.

“எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குதே.”

“உங்க காதுல லோரி சத்தம் பூந்து கெடக்கு. எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!”

பாவம், நம்பிவிட்டார். இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். ஸ்பீக்கர் கெட்டது என்றால் ஊமைப் பக்கம் இப்போது வலதுக்குப் போக வேண்டும். போகவில்லை. ஒயர்களை மாற்றினார். அப்போதும் இடதுதான். எனக்கோ எரிச்சல் தலைக்கேறியது.

கடைசியில் இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து அலமாரியின் இரு முனைகளில் வைத்து, வீட்டு ரேடியோவில் மாட்டினார். மழை விட்டிருந்த நேரம். செம்பனை மட்டைகளுக்கு நடுவே மூட்டம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பால் கலந்த தண்ணீர் போலிருந்தது. பாட்டு எங்கிருந்தோ மிதந்து வந்து என் வலது தோளில் மட்டும் உட்கார்ந்தது. அது சுகமாகத்தான் இருந்தது. அலமாரியைப் பார்த்து நின்றபடி கண்ணை மூடிக்கொண்டே, “இடது செத்துக் கெடக்கு,” என்றேன்.

“கொஞ்சம் திரும்பி நில்லு. அலமாரிக்கு முதுகைக் காட்டு.”

நின்றேன்.

“இப்ப எந்தப் பக்கம் கேக்கல?”

“அட, எத்தன தடவ சொல்றது? இடதுதான்!” என்று கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன் எனக்காகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் அது. அவர் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

சிரம்பானில் காது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இடது காது நரம்பு போய்விட்டது, இனி வராது. வலதும் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருக்கிறது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது அந்தி வெளிச்சம் செம்பனை வரிசைகளுக்குள் புகுந்து புகுந்து வந்தது. கார் ஓடுகிறதா, மரங்கள் ஓடுகின்றனவா என்று தெரியாத ஒரு மயக்கம். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

“என்னங்க, இதுவும் போயிட்டா உங்க கொரலை எப்படிக் கேப்பேன்?”

அவர் பாட்டுப் போடவில்லை. தோட்டத்து மண்ரோட்டில் காரை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன்! லோரி டயரைப் பற்றி, கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததைப் பற்றி, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைப் பற்றி. இருட்டியும் பேசிக்கொண்டே இருந்தார். இருக்கிற காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லவே இல்லை.