நீல நூல் கட்டிய மூட்டை

தேன்மொழி, அரவிந்த்... போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் ஸ்கூல் பையைக் கூட இறக்கி வைக்கவில்லை. தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். சும்மா, ஒரு வேலையாக என்றேன்.

சும்மா இல்லை.

பத்திரிகையில் இந்த இடத்தில் வாராவாரம் நான் ஊர்க்கதை பேசுவேன். வாசகர்களும் பொறுமையாகக் கேட்பார்கள். இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். வாயால் சொல்ல வராதது எழுதினால் கொஞ்சம் வருகிறது — பத்தாவதோடு நின்றவனுக்கு இதுவே பெரிசு.

உங்கள் வீட்டில் என்ன தொழில் என்று யாராவது கேட்டால் 'லாண்டரி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். மீதியை நான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மெஷினிலிருந்து வரும் உலோக பாகங்களை எடுத்து, துடைத்து, அடுக்குகிறவர்கள் பருத்தி கிளவுஸ் போடுவார்கள். எண்ணெயும் கரியுமாக அது மூட்டை மூட்டையாக நம் ஷெட்டுக்கு வரும். சலவை சோடாவில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, திரும்ப அனுப்புகிறோம்.

அது பாதி வேலை. மீதி பாதி தாத்தாவுடையது.

காய்ந்த ஒவ்வொரு கிளவுஸுக்குள்ளும் அவர் வெறுங்கையை விட்டுப் பார்ப்பார். ஐந்து விரலும் நுனி வரை போக வேண்டும். உலோகத்தைச் சீவும்போது தெறிக்கும் பிசிறு, முடியைவிட மெல்லிசாக இருக்கும். எத்தனை அலசினாலும் விரல் நுனியில் ஒளிந்துகொள்ளும். இத்தனை பாடு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம கையில குத்தட்டும்டா. நாம மெதுவா உடுறோம், கீறலோட பூடும். அவன் ஷிப்டு அவசரத்துல உடுவான். நகத்துக்குள்ள ஏறிடும்."

எழுபத்தொரு வயது. உருக்காலையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர், இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஷெட்டைப் போட்டார். அன்றிலிருந்து மோதிரம் கிடையாது. உங்கள் அத்தை கல்யாணத்தில் போட்டுவிட்ட மோதிரத்தைப் பந்தி முடிவதற்குள் கழற்றிவிட்டார். விரல் கொஞ்சம் மரத்துப்போனாலும் பிசிறு தெரியாது என்று நல்ல குளிரிலும் கையைச் சுடுதண்ணீரில் வைத்து, துடைத்து, அப்புறம்தான் உட்காருவார். ஜுரம் வந்த நாளிலும் உட்கார்ந்தார். ரேடியோ கேட்டுக்கொண்டே, வருகிறவர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டே, கை மட்டும் போய்ப் போய் வரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பார்த்த மூட்டையை அவரவர் நூலால் கட்ட வேண்டும். தாத்தாவுக்குச் சிவப்பு. நம்மிடம் வேலை பார்க்கிற லட்சுமி அத்தைக்கு நீலம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த லட்சுமியை ஒரு வருஷம் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, அதற்கப்புறம்தான் தாத்தா அந்த நீல நூல்கண்டைக் கொடுத்தார். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த நூலில்தான் ஓடுகிறது.

இனி என் கதை.

அதற்கு முந்தின வாரம் மழை. எதுவும் காயவில்லை. தாத்தா கண் காட்டுவதற்காகப் பொன்னேரி போயிருந்தார். மறுநாள் காலை லோடு போக வேண்டும். நான் ஒரு பெரிய காந்தம் வாங்கி வைத்திருந்தேன் — கிளவுஸ் மேலே ஓட்டினால் பிசிறு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கையும் குத்தாது, நேரமும் மிச்சம். எப்படி என் மூளை?

"அண்ணா, கைய போட்டுத்தான் பாக்கணும்னு தாத்தா சொல்லிக்கீறாரு" என்றாள் லட்சுமி.

நான் சொல்கிறேன் இல்லையா, ஓட்டு என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் காந்தத்தை வாங்கிக்கொண்டாள். ஓட்டி முடித்து, தன் நீல நூலால் கட்டினாள்.

காந்தம் இரும்புப் பிசிறை அழகாக இழுத்தது. ஆனால் அந்தக் கம்பெனியில் போன மாதத்திலிருந்து அலுமினிய பாகங்கள் ஓடுகின்றன. காந்தம் அலுமினியத்தைத் தொடுமா? அரவிந்த், ஆறாம் வகுப்பு படிக்கிற உனக்கே தெரியும். எனக்கும் தெரியும்தான். அவசரத்தில் தெரிந்ததெல்லாம் எங்கே போய்விடுகிறது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனி ஸ்டோரிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் பிசிறு ஏறிவிட்டது. நகத்தைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். மூன்று தையல்.

"யாரு பாத்த மூட்டைங்க அது? நீல நூலு கட்டிக்கீது."

"அது... லட்சுமின்னு ஒருத்தங்க பாத்தது சார்."

பொய்யா? இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், மேலே காட்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் லோடு வராது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களிடம் மறைக்கக் கூடாது... நிம்மதியாகத்தான் இருந்தது.

ஷெட்டுக்குள் போய் நைனாவிடம், அதாவது உங்கள் தாத்தாவிடம், விஷயத்தைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"லட்சுமி கை போடலியா?"

"காந்தம் ஓட்டுச்சி நைனா."

"ஓட்டச் சொன்னது யாரு?"

லட்சுமி வெளியே கொடியில் கிளவுஸ் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்காது என்பதே எனக்கு அப்போது பெரிய வசதியாக இருந்தது.

"நான்தான்" என்றேன் கடைசியில். அவள் வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கையைக் கழுவினார். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றினார். அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்தினேன். கேட் போட்டிருந்தது. பின்னாலிருந்து கேட்டார்: "அந்த ஆளு பேரு இன்னா?"

"தெரியல நைனா."

"கேக்கலியா?"

அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

கம்பெனி வாசலில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். செக்யூரிட்டி ஸ்டூல் கொடுத்தார், நைனா உட்காரவில்லை. சூப்பர்வைசர் வந்தார், என்னைவிடச் சின்ன வயசு.

"நூலு லட்சுமிது சார்" என்றார் நைனா. "வேலைய கெடுத்தது என் பையன். அந்தப் பொண்ணு வேணான்னுதான் சொல்லிக்கீது, இவன் கேக்கல. லட்சுமிய நிறுத்த மாட்டேன்."

"பெரியவரே, ஒரு பேரு எழுதிக் குடுத்தா முடிஞ்சிடும். ஏன் இழுத்துக்கினு கீறீங்க?"

"என் பேர எழுதிக்குங்க. ஷெட்டு என் பேர்லதான கீது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. இந்த மாசம் லோடு இல்லை, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நம் ஷெட்டில் பாதி வேலை அந்தக் கம்பெனியுடையது. நைனா சரி என்று தலையாட்டினார், மழை வரும்போல என்று யாரோ சொன்ன மாதிரி.

அப்புறம் காயம்பட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார். முதலுதவி அறை பெஞ்சில் ஒரு முப்பது வயசுக்காரர், விரலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். நைனாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நைனா கை கூப்பியதும் அவர் பதறி எழுந்துவிட்டார். நைனா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி, கட்டுக்கு மேலே லேசாகத் தொட்டுப் பார்த்தார்... ரொம்ப நேரம். அவர் ஏதோ சொன்னார். ஒன்றும் இல்லை, விடுங்கள் என்று அர்த்தம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். பெயர் பிரகாஷ். நைனா கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் நைனா வழக்கமான நேரத்துக்கு ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். மூட்டைகள் பாதி, உட்கார்ந்த நேரம் மட்டும் குறையவில்லை. லட்சுமியும் வந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. நைனா சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை. அதை என்னிடமே விட்டுவிட்டார் என்று புரிய எனக்கு நாலு நாள் ஆனது.

முதலாளி என்றால் வேலை வாங்கத் தெரிந்தவர் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஷெட்டை ஒருநாள் என் கையில் கொடுப்பார், நானும் நன்றாக வேலை வாங்குவேன் என்று. காரியம் கெட்டுப்போன அன்றைக்கு ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கும், அது முதலாளியின் பெயராக இருக்க வேண்டும் என்பது என் கணக்கிலேயே வரவில்லை. பெரிய ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் கணக்கில் வருகிறது? தெரியவில்லை. என் அப்பா கணக்கில் வருகிறது. நீங்கள் இனி லாண்டரி என்று சொன்னாலும் சரி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டியூஷன் போயிருந்தீர்கள். நைனா சாப்பிட்டுப் படுத்திருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் லட்சுமி வீட்டுக்கு நடந்து போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் நான் சொன்னதையும், நைனா போய்ச் சொன்னதையும், ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அன்னிக்கு நான் இன்னொரு வாட்டி சொல்லிருக்கணும்ணா" என்றாள்.

ஒரு வாட்டி சொன்னதையே நான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தேன்.