அம்மாவின் கைநாட்டு

பெரகல சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்களைப் பயமுறுத்த ஒரு போட்டோக் கொப்பியும் கொடுத்து விட்டிருந்தார். வந்தவனுக்கு நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

வீட்டை ஈடு வைத்த உறுதிப் பத்திரமாம் அது. அப்பா தோட்ட வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதியில் பத்து பேர்ச் காணி வாங்கி, அம்மா பெயரில் எழுதி, இரண்டு அறை கட்டினார். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிராவைத் தவிர வேறெதுவும் அறியாத எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயரில் மண் இருந்தது அதுவே முதல் தடவை. அதை ஒரு கடைக்காரர் ஒரு தாளைக் காட்டிக் கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் அம்மாவின் கையெழுத்து இல்லை. கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவள். தோட்டத்தில் கொழுந்து பறித்த காலமெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துத்தான் போட்டாள்.

“ஏம்மா கைநாட்டு வச்சீங்க?”

“அப்பாவ பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்க. நா காசுக்கு ஓடுனேன். மொதலாளி கையப் புடிச்சு மையில அமுக்கிட்டாரு. நொத்தாரிசு பின்னேரம் வந்து கையெழுத்து வைப்பாருன்னாரு.”

அந்தப் பின்னேரம் வரவே இல்லை. உறுதியை அத்தாட்சிப்படுத்த வேண்டிய நொத்தாரிசின் இடமும் சாட்சிகளின் இரண்டு கோடுகளும் வெறுமையாகவே கிடந்தன. நான் வேலை செய்யும் பண்டாரவளைத் துணிக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பதுளையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் படித்தார்.

“நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒண்டா இருந்து கையெழுத்து வைக்கேல்லை. காணிப் பதிவகத்திலயும் பதியேல்லை. இதை வச்சு வீட்டை எடுக்கேலாது.”

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவர் விரலை உயர்த்தினார்.

“ஆனா காசு வாங்கினது உண்மை எண்டால், அந்தக் கடன் அப்பிடியேதான் நிக்கும். உறுதி பிழையெண்டாலும் கடன் இல்லையெண்டு ஆகாது, பிள்ளை.”

அந்த இரண்டாவது பேச்சை பஸ்ஸில் வரும்போதே மறந்துவிடத் தீர்மானித்தேன். வீட்டுக்கு வந்து, “ஒரு சதமும் குடுக்க வேணாம்மா, தாளே செல்லாது” என்றேன். அம்மா கறிக்கு அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்தக் காசுல உங்கப்பாவுக்கு வைத்தியம் பாத்தது பொய்யா?”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் கூடுதல். அப்பா செத்த பிறகு தவணை தவறியது உண்மை. அதற்காக வீட்டையே விழுங்கப் பார்த்தவரிடம் நாங்கள் எதற்கு நேர்மை காட்ட வேண்டும்?

மறுநாள் காலை அம்மா சொல்லச் சொல்ல நான் தமிழில் இரண்டு பிரதி எழுதினேன். வாங்கிய தொகை, மாதாமாதம் கட்டும் தொகை, வீடு இந்தக் கடனுக்கு ஈடு இல்லை என்ற வரி. அந்த வரியை அம்மா அடிக்கோடு போடச் சொன்னாள். இருவரும் கடைக்குப் போனோம்.

முதலாளி படித்துவிட்டுக் கத்தினார்.

“என்னாம்மா வெளையாடுறீங்களா? நா கோட்டுக்குப் போவேன்.”

“போங்க. கடனுக்குக் கேஸ் போட்டா வாரேன். வீட்டுக்குப் போட்டீங்கன்னா, நொத்தாரிசு கையெழுத்து எங்கன்னு கோட்டுலயே கேப்பாங்க” என்றாள் அம்மா.

சீனி வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் குரல் இறங்கியது. முணுமுணுத்தபடியே இரண்டு பிரதியிலும் கையெழுத்தைக் கிறுக்கினார். பிறகு பழக்கதோஷத்தில் மேசையடியிலிருந்து மைப்பெட்டியை எடுத்து அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். என் கையிலிருந்த பேனையை வாங்கி, குனிந்து, அவசரப்படாமல் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

“ஒங்களுக்கு எழுதத் தெரியுமா?” என்றார் முதலாளி.

“அன்னைக்கு நீங்க கேக்கலையே” என்றாள் அம்மா.