ரெண்டாம் நாள் ஷூட்டிங்

திருத்தணி மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். சீரியல்காரர்கள் வந்ததிலிருந்து இந்தக் கடைக்கு இரண்டு பெஞ்சு கூடியிருக்கிறதாம். எதிரே படப்பிடிப்பு. நேற்றுப் பாதியில் விட்ட கூட்டக் காட்சியை இன்று முடிக்க வேண்டும், நேற்று நின்ற அதே ஆட்களை வைத்து. ஆட்கள் வந்துவிட்டார்கள். அதே லுங்கி, அதே சட்டை. ஆனால் பதினோரு பேரும் மொட்டை. தலையில் பூசிய சந்தனம்கூட இன்னும் காயவில்லை.

உதவி இயக்குநர் தன் முடியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். பதினோரு பேரில் ஒருவரான பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் அசராமல் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்கிறேன்.

"சும்மா நின்னதுக்கே தறிக்கூலியப் போல ரெண்டு மடங்குங்க. ரெண்டாம் நாளும் கூப்ட்டா மொட்டை போடறோம்னு முருகன்கிட்ட வேண்டிக்கினோம். கூப்ட்டாங்க. காலையிலயே மலையேறிப் போட்டுக்கினு வந்துட்டோம்."

"இப்ப வேலை போச்சே?"

டீயை ஊதிக்கொண்டே அவர் எதிர்ப்பக்கம் குரல் கொடுக்கிறார்: "சார், முடி வளர்ற வரிக்கும் இங்கயே ஷூட்டிங் வெச்சிக்கோங்க! அதுக்கும் வேணா இன்னொரு மொட்டை வேண்டிக்கிறோம்!"